செற்றிங் போடமுதல்

அன்புள்ள மகளுக்கு,

ரொறன்ரோவில் உனக்கு றிலே வேலைதான், மின்லைனில் பழுது வந்தால் கண்டு வெட்டச் சொல்லும் கருவிக்கு எண் போடும் வேலைதான், தந்திருக்கிறார்கள் என்று அம்மா சொன்னா. கேட்கச் சந்தோசம் பிள்ளை. கணக்கு உனக்குக் கைவந்தது. இங்கே பழகின எண்கள் யோசியாமல் கைக்கு வந்துவிடும், எனக்கு அதுதான் பயம்.

இங்கே 50 ஹேர்ட்ஸ், அங்கே 60. ஆகவே அதே கம்பிக்கு ரியாக்ரன்ஸ், அதாவது மாறும் கரண்டுக்கு அது காட்டும் தடை, 1.2 மடங்கு, கிலோமீற்றருக்கு 0.40 ஓம் என்று மனதில் இருப்பது 0.48 ஆகும். சுன்னாகத்தில் 132, 33 கேவி (கிலோவோல்ற்று) பார்த்த கண்ணுக்கு 500, 230, 115 என்று வரும், அது பழகிவிடும். சி.ரி., லைனின் பெரிய கரண்டை றிலேக்குச் சிறிதாக்கித் தரும் ட்ரான்ஸ்போமர், அதன் செக்கண்டரிதான் (றிலேப் பக்கம்) ஆளைக் கவிழ்க்கும். 1 அம்பியரில் பழகினவள் நீ, அங்கே பெரும்பாலும் 5.

230 கேவி லைன் ஒன்றின் இம்பீடன்ஸ், அதாவது மொத்தத் தடை, 25 ஓம் என்று வை. சி.ரி. 1200/5 என்றால் விகிதம் 240, வோல்ற்றேஜைக் குறைத்துத் தரும் வி.ரி.யின் விகிதம் 2000. றிலே காண்பது 25 × 240 ÷ 2000 = 3 ஓம். சோன் 1, பழுதென்றால் தாமதமில்லாமல் வெட்டும் எல்லை, அதில் 80 வீதம், 2.4. மறதியில் 1200/1 என்று போட்டால் 15 ஓம் வரும், சோன் 1, 12 ஓம் ஆகிவிடும். உண்மையான விகிதம் 240 என்பதால் லைனில் அது 100 ஓம், நாலு லைன் தூரம். எங்கேயோ பழுது வர, உன் பிறேக்கர் உடனே விழும், லைன் வெட்டுப்படும். சி.ரி. பெயர்த்தகட்டை நேரே போய்ப் பார், வரைபடத்தை மட்டும் நம்பாதே. சோன் 2, லைனைத் தாண்டி எட்டும் எல்லை, அதன் தாமதம் 20 சைக்கிள் என்று இருந்தால், அங்கே அது 0.33 செக்கன்.

சோன் 3, இன்னும் தூரம் எட்டும் பின்காவல் எல்லை, அதை நீட்டமுதல் லைனின் சுமையைப் பார். 2003 ஆகஸ்ட் 14 ஒஹாயோவில் சாமிஸ்–ஸ்ரார் 345 கேவி லைன் பழுதே இல்லாமல் துண்டிக்கப்பட்டது. கரண்ட் கூடி வோல்ற்றேஜ் இறங்க, றிலே கண்ட இம்பீடன்ஸ் சோன் 3க்குள் வந்துவிட்டது. சில நிமிடங்களில், ஒன்ராறியோ உட்பட, சுமார் ஐந்து கோடிப் பேருக்குக் கரண்ட் இல்லை. வட அமெரிக்க விதியில் உள்ள சோதனை இது: லைன் கொள்ளளவின் 150 வீதம், வோல்ற்றேஜ் வழமையின் 0.85 மடங்கு, வோல்ற்றேஜுக்கும் கரண்டுக்கும் இடைக் கோணம் 30 பாகை. அந்தச் சுமையிலும் றிலே அசையக்கூடாது.

ட்ரான்ஸ்போமர் டிஃபரென்சியல், உள்ளே போகும் கரண்டையும் வெளியே வருவதையும் ஒப்பிடும் றிலே, அதில் இங்கே டிவைஎன் 11 பழகியிருந்தால், அங்கே டிவைஎன் 1 வரலாம். அந்த எண் இரு பக்கத்துக்கும் இடைக் கோணத்தை மணிக்கூட்டு மணியாகச் சொல்லும், ஒரு மணி 30 பாகை. மாறிப் போட்டால் 60 பாகை பிழை, வித்தியாசக் கரண்ட் சுமைக் கரண்டுக்குச் சமன். சுமையில்லாமல் ஏற்றும்போது சத்தமில்லை, சுமை ஏற விழும். அதனால் சுமை வந்த பிறகு றிலே திரையில் வித்தியாசக் கரண்ட் பூச்சியத்துக்குக் கிட்ட நிற்கிறதா பார்த்துவிட்டே வீட்டுக்குப் போ.

கடைசியாக, றிலேயைக் கழற்றமுதல் சி.ரி. செக்கண்டரியைச் சோட் பண்ணு, இரு முனையையும் சேர்த்துவிடு. கரண்ட் ஓடுகையில் அது திறந்தால் ஆயிரக்கணக்கான வோல்ற்று ஏறும். அவசரம் என்று ஆர் சொன்னாலும் கேளாதே, அம்மா.

அன்புடன்,
அப்பா