பழைய 450-ஐச் சுவரில் மாட்டுமுன்

கிருஷ்ணகிரி
தை, இரண்டாம் வாரம்

அன்புள்ள சிவாவுக்கு,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. வீட்டில் எல்லோரும் நலம். கேழ்வரகு அறுத்து முடிந்து இங்கே வயல்களெல்லாம் வெறுந்தாளாகக் கிடக்கின்றன. தர்மபுரிப் பக்கமும் அப்படித்தான் இருக்கும். ஹெலிகாப்டர் பறக்கவிட இதைவிட நல்ல மாதம் இல்லை. அதனால்தான் உன் கேள்விக்குத் தள்ளிப்போடாமல் எழுதுகிறேன்.

பரணிலிருந்து இறக்கிய டி-ரெக்ஸ் 450 ரிமோட் ஹெலிகாப்டருக்கு நீ மூன்று வழி எழுதியிருக்கிறாய். மேலே சுழலும் தலையின் குறுக்கே துடுப்புகளோடு நிற்கும் ஃபிளைபார் கம்பியைக் கழற்றிவிட்டு, சமநிலையை மின்னணுக் கருவியிடம் விடும் ஃபிளைபார்லெஸ் ஆக்குவது, நாலு செல் பேட்டரி போட்டு வேகம் ஏற்றுவது, இரண்டும் முடியாவிட்டால் சுவரில் மாட்டிவிடுவது. எனக்கு மூன்றிலும் சம்மதமில்லை. ஃபிளைபார் அப்படியே இருக்கட்டும். தேய்ந்ததை மாற்று, ரிமோட்டையும் மின்சாரப் பகுதியையும் புதிதாகப் போடு, தலையின் வேகத்தைக் குறைத்துப் பறக்கவிடு. ஆனால் எந்திரத்தின் உடம்பு அதற்குத் தாங்குகிறதா என்று பார்த்த பிறகுதான் காசை எடுக்க வேண்டும். எல்லோரும் முதலில் ரிமோட் வாங்குவார்கள், கடைசியில்தான் மெயின் ஷாஃப்ட் வளைந்திருப்பதைப் பார்ப்பார்கள். நீ தலைகீழாகச் செய்.

மெயின் ஷாஃப்டையும், தலைக்குள் குறுக்கே போகும் ஸ்பின்டிலையும் வெளியே எடு. முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் படுக்க வைத்து, அதன்மேல் உருட்டு. கம்பிக்கும் கண்ணாடிக்கும் இடையில் வெளிச்சம் வந்து வந்து மறைந்தால் வளைவு இருக்கிறது. நிமிர்த்தப் பார்க்காதே, மாற்று. ஓசூரில் லேத் பட்டறையில் கொடுத்து ஷாஃப்ட் கடையலாமா என்று கேட்டிருந்தாய். 5 மில்லிமீட்டர் கம்பி யாரும் கடைவார்கள். ஆனால் கடினப்படுத்திய இரும்பாக இல்லாவிட்டால் ஒருமுறை பிளேடு தரையில் பட்டதும் வளையும். அளவு கொஞ்சம் குறைந்தாலே பேரிங்கில் ஆட்டம் வரும். இந்த ஒரு சாமானுக்குத் தயாராக வருவதையே வாங்கு. மற்ற பிராண்டு ஷாஃப்டும் இதற்குப் பொருந்துவது உண்டு, துளைகளின் இடத்தை மட்டும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்.

தலைக்குள் அதிர்வை வாங்கும் ரப்பர் டாம்பர்கள் இத்தனை வருடத்தில் கட்டியாகியிருக்கும். பார்வைக்கு நன்றாகவே தெரியும், நகத்தால் அழுத்திப் பார்த்தால்தான் புரியும். அதை மாற்றாமல் பறக்கவிட்டால் தலை நடுங்கும், அந்த நடுக்கம் டெயில் வரை போகும். பிளேடு பிடிக்கும் கிரிப்பைத் திறக்கும்போது பிளேடின் இழுவையைத் தாங்கும் திரஸ்ட் பேரிங்கில் இரண்டு வாஷர்களையும் பார். ஒன்றின் துளை சற்றுப் பெரிது, இன்னொன்றின் துளை சிறிது. பெரிய துளை உள்ளது தலைப்பக்கம், சிறிய துளை உள்ளது வெளிப்பக்கம், போல்ட்டின் தலைப்பக்கம் வரவேண்டும். மாறிப் போட்டால் வேகத்தில் பேரிங் இறுகி, பிளேடின் கோணத்தை மாற்றும் குட்டி மோட்டாரான சர்வோ தள்ள முடியாமல் திணறும். குண்டுகளுக்குக் கிரீஸ் வை. இரும்போடு இரும்பு சேரும் ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் நீல லாக்டைட் பசை ஒரு பொட்டு போதும். பிளாஸ்டிக்கில் அது படவே கூடாது, பட்டால் விரிசல் விடும்.

அடுத்து மெயின் கியர். பற்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பார். கியரைப் பிடித்துக்கொண்டு தலையைச் சுழற்று. ஒரு பக்கம் தடையில்லாமல் ஓட வேண்டும், மறுபக்கம் உடனே பிடிக்க வேண்டும். பிடிக்காமல் வழுக்கினால் ஒன்-வே பேரிங் போய்விட்டது. மோட்டாரைத் திரும்ப மாட்டும்போது அதன் முனையிலுள்ள சின்னப் பல்சக்கரமான பினியனுக்கும் கியருக்கும் நடுவில் ஒரு சாதாரணக் காகிதத் துண்டை வைத்து அழுத்தி முடுக்கு. பிறகு சுழற்றி வெளியே எடுத்தால் காகிதம் கிழியாமல் மடிப்பு மட்டும் விழுந்திருந்தால் இடைவெளி சரி.

டெயில் பெல்ட்டின் ஓரத்தில் நூல் பிரிந்திருந்தால் புதிதாகப் போடு. டெயிலைத் தாங்கும் குழாயான பூமுக்குள் நுழைக்கும்போது அது 90 டிகிரி முறுக வேண்டும். முறுக்கும் பக்கம் தவறினால் டெயில் எதிர்ப்பக்கம் சுழலும். மெயின் தலையைக் கையால் கடிகார முள் போகும் திசையில் சுற்றிப் பார், டெயில் பிளேடின் தடித்த விளிம்பு முன்னால் போக வேண்டும். இன்னொன்றும் உண்டு. மாசி, பங்குனியில் காற்று உலரும்போது பெல்ட் உராய்ந்து நிலைமின்சாரம் சேரும். அது ரிமோட்டின் கட்டளையை வாங்கும் ரிசீவரை ஒரு நொடி தடுமாற வைக்கும், காரணமில்லாமல் சர்வோ துடித்தால் முதல் சந்தேகம் இதன்மேல் வை. பூமிலிருந்து மோட்டாரின் உடம்புக்கு ஒரு மெல்லிய கம்பி இழுத்தால் தீர்ந்துவிடும்.

பழைய மரப் பிளேடுகளைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், வீசிவிடு. மேலே சுற்றிய ஃபிலிமும் உள்ளே இருக்கும் பசையும் எந்த நிலையில் இருக்கின்றன என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. 325 மில்லிமீட்டர் கார்பன் பிளேடு ஒரு ஜோடி வாங்கு. நிமிடத்துக்கு 2800 சுற்றில் பிளேடின் நுனி மணிக்கு 370 கிலோமீட்டருக்கு மேல் போகிறது. அதில் ஒரு துண்டு பிய்ந்து வந்தால் என்ன ஆகும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இவ்வளவும் பார்த்த பிறகு முடிவெடு. பக்கத் தகட்டில் பேரிங் உட்காரும் துளை நீள்வட்டமாகிவிட்டதா, கார்பன் அடுக்கு பிரிகிறதா, டெயில் பூமைப் பிடிக்கும் பிளாஸ்டிக் வெடித்திருக்கிறதா? இதில் இரண்டு இருந்தால் அதற்கு ஓய்வு கொடுத்துவிடு. மோட்டார், சர்வோ, ஸ்க்ரூக்களைக் கழற்றி டப்பாவில் போட்டுவை. அப்படி இல்லையென்றால் மேற்கொண்டு படி.

நாலு செல் யோசனையைக் கைவிடு. உன் மோட்டார் 3500 கேவி, அதாவது ஒரு வோல்டுக்கு நிமிடத்தில் அத்தனை சுற்று, பினியன் 13 பல், மெயின் கியர் 150 பல். மூன்று செல்லில் 11.1 வோல்ட். சுமையில்லாமல் தலை 3360 சுற்றை ஒட்டி வரும், பிளேடு சுமையோடு 2800 பக்கம் நிற்கும். அதே அமைப்பில் நாலு செல் போட்டால் சுமையில்லாத வேகம் 4490 ஆகும். பிளேடை வெளியே இழுக்கும் விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால், அது கிட்டத்தட்ட 1.8 மடங்கு ஆகிவிடும். அந்தத் தலை அதற்காகச் செய்யப்பட்டதல்ல. கேவி குறைந்த மோட்டார் மாற்றினால் போடலாம், ஆனால் பழைய உடம்புக்கு அந்தச் செலவு தகாது. நான் சொல்வது இதற்கு நேர் எதிர்: பினியனை 13-லிருந்து 11 பல்லுக்கு இறக்கு. தலை வேகம் 15 சதவீதம் குறைந்து 2400 பக்கம் வரும். பினியனை மாற்றாமல் ரிமோட்டில் த்ராட்டிலைக் குறைத்தும் இதே வேகத்துக்கு வரலாம், ஆனால் மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் பாதித் திறப்பில் ஓடும்போது அதிகம் சூடாகும். பல் குறைப்பதுதான் சரியான வழி.

ஃபிளைபார்லெஸ் பற்றி நீ ஆசையாக எழுதியிருந்தாய். எனக்கும் அது பிடிக்கும், ரோட்டர்ஃபிளைட் போன்ற திறந்த மென்பொருள் வந்த பிறகு அதன் மூளை விலை குறைந்துவிட்டது. ஆனால் மூளை மட்டும் போதாது. ஃபிளைபார் இருக்கும்போது பிளேடின் கோணத்தை மாற்றும் வேலையில் பெரும்பங்கை அந்தத் துடுப்புகளே செய்கின்றன. அவற்றை எடுத்தால் முழுச் சுமையும் சர்வோமேல் விழும். ஆகவே புதுத் தலை, வேகமும் பலமும் கூடிய மூன்று சர்வோ, அதற்கேற்ற பிளேடு எல்லாம் வேண்டும். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று. அந்த மூளையில் திருப்பத்தை உணரும் கைரோவுக்கு நடுக்கமும் அசைவும் ஒன்றுதான். தேய்ந்த பேரிங்கின் அதிர்வை அது அசைவு என்று எண்ணித் திருத்தப் பார்க்கும், டெயில் ஆடும், எந்திரம் தானாக ஒரு பக்கம் சாயும். ஃபிளைபார் இந்தக் குறைகளைப் பொறுத்துக்கொள்ளும். பழைய உடம்பில் அதைத் தக்கவைக்கச் சொல்வது அதனால்தான்.

மின்சாரப் பகுதிக்கு வருகிறேன். பழைய லித்தியம் பேட்டரியில் ஏதாவது ஒரு செல் 3 வோல்டுக்குக் கீழே இருந்தாலோ, பை உப்பியிருந்தாலோ அதை எழுப்ப முயலாதே. வெளியில் மணல் பரப்பி வைத்து 12 வோல்ட் பல்பில் முழுக்க வடித்து, மின்கழிவு எடுப்பவர்களிடம் கொடுத்துவிடு. புதிது மூன்று செல், 2200 எம்ஏஎச், 30 சி-க்குக் (எவ்வளவு வேகமாக மின்சாரம் தரும் என்ற அளவு) குறையாமல் வாங்கு. அதில் 1750 எம்ஏஎச் வரைதான் எடுக்க வேண்டும், அதற்கு ஐந்து ஐந்தரை நிமிடம் டைமர் வை. பறக்காத நாட்களில் செல்லுக்கு 3.8 வோல்டில் நிறுத்து. முழு சார்ஜில் மாதக்கணக்கில் வைத்தது உப்பும்.

அலைவரிசைக்குக் கிரிஸ்டல் போடும் அந்தப் பழைய ரிமோட் போகட்டும். 2.4 கிகாஹெர்ட்ஸ் எதுவானாலும் சரி, ஆறு சேனல், மூன்று சர்வோவைச் சேர்த்து இயக்கும் 120 டிகிரி ஸ்வாஷ் கலவை, குச்சியின் ஒவ்வொரு நிலைக்கும் மோட்டார் வேகத்தையும் பிளேடின் கோணத்தையும் குறிக்கும் த்ராட்டில் கர்வ், பிட்ச் கர்வ், மோட்டாரை மட்டும் நிறுத்தும் த்ராட்டில் ஹோல்டு இருக்க வேண்டும். ஃபிளைஸ்கை ஐ6-இலேயே இவை இருக்கின்றன.

பலர் விழுவது அடுத்த இடத்தில்தான். பழைய 35 ஆம்பியர் கன்ட்ரோலருக்குள் ரிசீவருக்கும் சர்வோவுக்கும் மின்சாரம் தரும் பிஇசி, 11 வோல்டை 5 வோல்டாகக் குறைக்கும்போது மிச்சத்தை வெறும் சூடாகத்தான் வெளியேற்றுகிறது. இரண்டு ஆம்பியர் இழுத்தால் 12 வாட் சூடு. நான்கு சர்வோவும் ஒரே நேரத்தில் அசையும்போது வோல்ட் இறங்கும். 2.4 ரிசீவர் அந்த இறக்கத்தில் அணைந்து மறுபடி எழும், அதற்குள் ஹெலி தரையில் இருக்கும். அதே வேலையைச் செய்யும் ஐந்து ஆம்பியர் ஸ்விட்சிங் யூபிஇசி ஒன்றைத் தனியாகப் போடு, போடும்போது கன்ட்ரோலரிலிருந்து ரிசீவருக்கு வரும் பிளக்கில் சிவப்பு ஒயரை உருவிவிடு. சர்வோக்களைக் கையால் மெதுவாகத் திருப்பிப் பார்த்து, ஒரு பல் தாவினாலும் மூன்றையும் சேர்த்து மாற்று. உன்னிடம் இருக்கும் ஜிஒய்401 கைரோ நல்லது, வைத்துக்கொள். அதில் டிஎஸ் ஸ்விட்சை டிஜிட்டல் சர்வோவுக்கு மட்டும்தான் ஆன் செய்ய வேண்டும், அனலாக் என்றால் எரிந்துவிடும். திசையைச் சோதிக்க, மூக்கைக் கையால் இடப்பக்கம் திருப்பு. டெயிலைத் திருப்பும் ரட்டர் குச்சியை வலப்பக்கம் தள்ளினால் சர்வோ எப்படி நகருமோ அப்படியே நகர வேண்டும்.

பிட்ச், அதாவது பிளேடின் கோணம், த்ராட்டில் குச்சி கீழே இருக்கும்போது கழித்தல் 2, நடுவில் 5.5, மேலே 10 டிகிரி வை. நடுவில் 5 போதும் என்பார்கள், அது கடல் மட்டத்துக் கணக்கு. நம் ஊர்கள் 500 மீட்டர் பக்கம். சித்திரையில் 35 டிகிரி வெயிலில் இங்கே காற்றின் அடர்த்தி பொதுவாகச் சொல்லும் அளவைவிட 12 சதவீதம் குறைவு. ஓசூர் 900 மீட்டரை ஒட்டியது, அங்கே 32 டிகிரியிலேயே 15 சதவீதம் குறைந்துவிடும். அதே தூக்கும் பலம் வேண்டுமானால் தலை வேகத்தை ஆறு முதல் எட்டு சதவீதம் கூட்ட வேண்டும், அல்லது பிட்ச்சை அரை டிகிரி ஏற்ற வேண்டும். ஓசூரில் பறக்கவிடுவதாக இருந்தால் பினியன் 12 போடு. பேளகொண்டப்பள்ளி விமானத் தளம் அருகில் இருப்பதால் அரசின் டிஜிட்டல் ஸ்கை வான்வெளி வரைபடத்தில் இடத்தைப் பார்த்துக்கொண்டு போ. அதில் முன் அனுமதி தேவையில்லாத பச்சைப் பகுதியிலும் 400 அடிக்கு மேல் கூடாது.

முதல் ஓட்டம் பிளேடு இல்லாமல். நடுக்கம் இருந்தால் பிளேடு போட்டுச் சரிசெய்ய முடியாது, உள்ளே ஏதோ வளைந்திருக்கிறது. ஃபிளைபாரின் துடுப்புகள் இரண்டும் நடுவிலிருந்து அரை மில்லிமீட்டருக்குள் ஒரே தூரமா என்று அளந்துகொள். பிறகு இரண்டு பிளேடின் நுனியிலும் வெவ்வேறு நிறத்தில் டேப் ஒட்டி, பத்து மீட்டர் தள்ளி நின்று, கண்மட்டத்தில் பார். மேலே ஓடும் பிளேடைத் தள்ளும் லிங்க் கம்பியை அரைச் சுற்று திருத்தி அதன் பிட்ச்சைக் குறை. காலை ஏழு மணிக்குள் முடித்துவிடு. இந்த வேலையை ஆடி வரைக்கும் இழுக்காதே, அம்மியை நகர்த்தும் காற்றில் முதல் சோதனை செய்ய முடியாது.

உதிரிபாகம் பெங்களூருவில் கிடைக்கும், இங்கிருந்து 90 கிலோமீட்டர்தான். வெளிநாட்டிலிருந்து முழு எந்திரமாக வரவழைக்க நினைக்காதே. 2022 பிப்ரவரியில் வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதியைத் தடை செய்த பிறகு சுங்கத்தில் சிக்கல் வரலாம். பாகங்களுக்கு அந்தத் தடை இல்லை.

எல்லாம் கூட்டிப் பார்த்துப் புது எந்திரத்தின் பாதி விலையைத் தாண்டினால் நிறுத்திக்கொள். ஷாஃப்டையும் ஸ்பின்டிலையும் கண்ணாடியில் உருட்டிப் பார்த்துவிட்டு எழுது. பக்கத் தகட்டின் துளைகளைப் படம் எடுத்து அனுப்பு. அதைப் பார்த்துவிட்டு வாங்க வேண்டிய பட்டியலைப் போட்டு அனுப்புகிறேன். அதுவரை எதையும் வாங்காதே.

அன்புடன்,
முருகேசன்