பழைய டீசல் காரின் பதிவுப் புதுப்பிப்பு எஞ்சின் விளக்கால் நிற்பது குறித்து மூன்றாவது மனு

பெறுநர்
வட்டாரப் போக்குவரத்து அலுவலர் அவர்கள்

பார்வை: எனது மனுக்கள், நாள் 1.12.2025, 5.1.2026 (இரண்டுக்கும் பதில் இல்லை)

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். என் டீசல் காரின் 15 வருடப் பதிவு சென்ற நவம்பரில் முடிந்தது. முடியும் முன்பே படிவம் 25 கொடுத்து 5,000 ரூபாயும் கட்டிவிட்டேன். மூன்று முறை வண்டியை ஆய்வுக்குக் கொண்டுவந்தேன். டேஷ்போர்டில் மஞ்சள் எஞ்சின் விளக்கு எரிகிறது என்று மூன்று முறையும் பிரேக் இன்ஸ்பெக்டர் திருப்பி அனுப்பிவிட்டார்.

1. பிரேக், ஸ்டியரிங், டயர் எல்லாம் சரி என்று அவரே சொன்னார். புகைப் பரிசோதனையில் புகையின் அடர்த்தி 41 ஹார்ட்ரிட்ஜ் அலகு வந்தது. பி.எஸ். 3 (பாரத் ஸ்டேஜ் 3 என்ற பழைய புகைத் தரம்) டீசல் வண்டிக்கு மத்திய மோட்டார் வாகன விதி 115-இன்படி 65 வரை இருக்கலாம்.

2. விளக்கு எரிவது உண்மைதான், மறைக்கவில்லை. ஸ்கேனரில் பி0401 என்ற கோளாறு எண் வந்தது. இ.ஜி.ஆர். வால்வு வழியாக எஞ்சினுக்குத் திரும்பவேண்டிய புகை குறைவாகப் போகிறது என்று அர்த்தம். கரியெல்லாம் எடுத்துச் சுத்தம் செய்தோம். இரண்டு நாள் அணைந்திருந்து மறுபடி எரிகிறது. வால்வையே மாற்றவேண்டுமாம். அந்த மாடல் நின்றுபோனதால் பாகத்துக்குச் சொல்லிவைத்துக் காத்திருக்கிறேன். ஆயில் அழுத்தம் குறைந்து சிவப்பு விளக்கு எரிந்தால் நானே வண்டியை எடுக்கமாட்டேன். இது அதுவல்ல.

3. என் அம்மாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். மருத்துவமனை 35 கிலோமீட்டர். ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் எங்கள் தெரு தங்களுக்குத் தெரியும். விடியற்காலையில் ஆட்டோ வராது. பதிவு முடிந்த வண்டியை எடுக்கக்கூடாது என்பதால் இப்போது பஸ்ஸில்தான் போகிறோம். போகும்போதாவது பரவாயில்லை. நான்கு மணி நேரம் மெஷினில் இருந்துவிட்டு வரும்போது அவருக்கு ரத்த அழுத்தம் இறங்கிவிடுகிறது, உட்கார முடிவதில்லை. காரில் முன்சீட்டைச் சாய்த்துப் படுக்கவைத்து வருவேன். போன வாரம் பஸ்ஸில் இடம் கிடைக்காமல் படிக்கட்டுப் பக்கம் தரையில் உட்கார்ந்து வந்தார். 71 வயது, ஐயா. அந்த நேரத்தில் என் கார் வீட்டு வாசலில் கவர் போட்டு நிற்கிறது.

4. "விளக்கின் பல்பைக் கழற்றிவிட்டு வா, பாஸ் ஆகிவிடும்" என்று அலுவலக வாசலில் ஒருவர் சொல்கிறார். நான் ஏன் அப்படிச் செய்யவேண்டும்? கோளாறைக் காட்டத்தானே அந்த விளக்கு? உண்மையைக் காட்டுபவனை மூன்று முறை திருப்பி அனுப்பினால் எல்லோரும் பல்பைத்தான் கழற்றுவார்கள். எந்த விதியின்படி என் வண்டியை நிராகரித்தீர்கள் என்று கேட்டு இரண்டு மனு கொடுத்தேனே, ஒரு வரி எழுத்தில் தரக்கூடாதா?

நிராகரிப்புக்கான காரணத்தை விதி எண்ணோடு எழுதித் தாருங்கள். பிரேக்கும் புகையும் சரியாக இருப்பதால் பதிவைப் புதுப்பித்துக் கொடுத்து, வால்வை மாற்ற 60 நாள் அவகாசம் தாருங்கள். மாற்றியதும் ரசீதோடு வண்டியை நானே கொண்டுவந்து காட்டுகிறேன். அதற்கு வழியில்லை என்றால் அதையாவது எழுத்தில் சொல்லிவிடுங்கள், மேலதிகாரியிடம் முறையிடுகிறேன்.

அடுத்த டயாலிசிஸ் வரும் செவ்வாய்க்கிழமை. அதற்குள் ஒரு பதில் தரும்படி மீண்டும் கேட்டுக்கொள்கிறேன், ஐயா.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள
மனுதாரர்