டயரின் தேதியும் தரமும்: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடையீர், வணக்கம்.

நம் கடையில் பழைய சரக்கைத் தள்ளிவிடுகிறார்கள் என்று தருமபுரி வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு டயரின் படத்தோடு சுற்றிவரும் செய்தியை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அதற்கு விளக்கம் தருவது எங்கள் கடமை.

படத்திலுள்ள டயரில் 3824 என்றிருப்பது உண்மை. அது 2024ஆம் ஆண்டின் 38ஆவது வாரம், அதாவது செப்டம்பர் மாதம் தயாரானது. நாங்கள் விற்றது அடுத்த மே மாதத்தில். வெயிலும் எண்ணெயும் படாமல், நிமிர்த்தி அடுக்கி வைத்த டயர் எட்டு மாதத்தில் பழையதாகிவிடாது. பொருத்தி ஐந்தாண்டு ஆனபின் ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும், தயாரித்துப் பத்தாண்டு கடந்தால் பட்டன் (சாலையில் படும் ரப்பர் வரிகள்) எவ்வளவு மீதம் இருந்தாலும் கழற்றிவிட வேண்டும் என்பதே பல டயர் நிறுவனங்களின் அறிவுரை. தேதியை மறைத்து நாங்கள் ஒரு டயரும் விற்றதில்லை. பில் போடும் முன்பே விரல் வைத்துக் காட்டுகிறோம்.

அந்த டயரில் டிரெட்வேர் 300 என்றும், வேறு கடையில் அதே விலைக்கு 440 கிடைக்கிறது என்றும் எழுதியிருக்கிறார்கள். டிரெட்வேர் என்பது டயர் எவ்வளவு மெதுவாகத் தேயும் என்பதை மட்டும் சொல்லும் அமெரிக்க முறை எண். அதை ஒவ்வொரு நிறுவனமும் தானே சோதித்துத் தானே இடுவதால், இரண்டு கம்பெனி டயர்களை இதை வைத்து மட்டும் ஒப்பிடுவது சரியாகாது. மழை நாளில் குடும்பத்தோடு தொப்பூர் கணவாய் இறங்குகிறவருக்கு முக்கியம், ஈரச் சாலையில் பிரேக் பிடிக்கும் திறனைக் குறிக்கும் டிராக்‌ஷன் எழுத்து. உயர்ந்ததிலிருந்து ஏஏ, ஏ, பி, சி என்பது அதன் வரிசை. வெப்பம் தாங்கும் தரத்துக்குத் தனி எழுத்து உண்டு. ஆனால் காற்று குறைவாக இருந்தால் எந்தத் தரமான டயரும் சூடேறும். பட்டனின் ஆழம் 1.6 மில்லிமீட்டராகத் தேய்ந்துவிட்டால் எந்த எழுத்தும் காப்பாற்றாது.

டயரில் எழுதியுள்ள அளவுக்கு அடுத்து வரும் 82டி (82T) போன்ற குறியீட்டையும் பாருங்கள்: ஒரு டயர் 475 கிலோ வரை தாங்கும், மணிக்கு 190 கிலோமீட்டர் வரை ஓடும் என்பது அதன் பொருள். வண்டிக்குரியதைவிடக் குறைந்த குறியீட்டை, விலை மலிவென்று நீங்களே கேட்டாலும் நாங்கள் பொருத்துவதில்லை.

செய்தியைப் பார்த்த பின்பும் எங்களை நம்பி வந்தவர்களுக்கும், குழுவிலேயே எங்களுக்காகப் பேசியவர்களுக்கும் மனமார்ந்த நன்றி. இன்னொரு செய்தி: சக்கரங்களை நேர்ப்படுத்தும் அலைன்மென்ட் வேலை பார்த்த தம்பி சொந்த ஊருக்குப் போய்விட்டதால், அந்த வேலை இனி ஞாயிறன்று இராது. பேலன்சிங் கட்டணமும் சற்று கூடுகிறது.

ஐயம் இருப்பவர்கள் எங்களிடம் வாங்கிய டயரோடு எந்நாளும் வரலாம். பக்கத்தில் நின்று ஒவ்வொரு எண்ணையும் படித்துக் காட்டுகிறோம்.

இப்படிக்கு,
கடை உரிமையாளர்,
தருமபுரி