வார்டில் கழித்த வருடங்கள்

ஆசிரியருக்கு,

நான் 3 வருட ஜி.என்.எம். (பொது செவிலியம், மகப்பேறு) நர்சிங் டிப்ளமோ முடித்து வார்டுக்கு வந்தவள். அப்புறம் வேலையை விட்டுவிட்டு, டிப்ளமோ முடித்தவர்கள் பட்டம் வாங்குவதற்கான போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. நர்சிங் 2 வருடம் படித்தேன். நேரடியாக 4 வருடம் பி.எஸ்சி. படித்தவர்களைவிட ஒரு வருடம் கூடுதல். ஆனாலும் பதவி உயர்வு என்று வந்தபோது, நான் வேலை பார்த்த தனியார் மருத்துவமனையில் "நீங்க டிப்ளமோதானே" என்று ஒதுக்கிவிட்டார்கள். வயிற்றுப்போக்கில் துவண்டு வந்த குழந்தைக்கு டிரிப் ஏற்ற நரம்பு கிடைக்காவிட்டால், இரவு 2 மணிக்கும் "அக்கா, கொஞ்சம் வாங்க" என்பார்கள். புறங்கையை விரலால் தடவியே நரம்பைப் பிடித்துவிடுவேன். வார்டு கற்றுக்கொடுத்தது அது. நேரடிப் பட்டதாரிகள் மீது எனக்கு வருத்தமில்லை. பாடத்தில் அவர்கள் கெட்டி. சம்பளத்தையும் பொறுப்பையும் முடிவு செய்கிறவர்கள் எங்கள் வார்டு அனுபவத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

- ஒரு செவிலியர், திண்டுக்கல்