பழைய மிராசு வீடுகளின் வாரிசுகளுக்கு ஒரு திறந்த மடல்

கும்பகோணம், மாயவரம், மன்னார்குடிப் பக்கத்துப் பெரிய வீடுகளின் வாரிசுகளுக்கு வணக்கம்.

வீட்டை ஏன் விற்கிறீர்கள் என்று கேட்டால், ஓடு மாற்றவே லட்சக்கணக்கில் ஆகிறது, பங்காளிகள் ஆளுக்கொரு ஊரில் இருக்கிறார்கள் என்கிறீர்கள். எல்லாம் உண்மைதான். வீட்டை விற்கக்கூடாது என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் வீடு கைமாறுவதற்கு முன்பே சாமான்கள் போய்விடுகின்றன. ஊஞ்சல் ஒரு வியாபாரிக்கு, குத்துவிளக்கு இன்னொருவருக்கு, தேக்குத் தூண் காரைக்குடி பழம்பொருள் கடைக்கு.

இவை சேர்ந்து இருந்தால்தான் அர்த்தம். ஒரு வீட்டையாவது சாமான்களோடு அப்படியே காத்து வையுங்கள் என்பதே என் வேண்டுகோள். தஞ்சாவூர் ஓவியத்தின் தங்க ரேக்கும் கண்ணாடிக் கல்லும் இருட்டான பூஜை அறையில், எண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் மின்னுவதற்காக வைத்தவை. டியூப்லைட்டுக்குக் கீழே மாட்டினால் அந்த வேலைப்பாட்டில் பாதி தெரியாது. அந்த விளக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். நாச்சியார்கோவிலில் பித்தளையை உருக்கி ஊற்றும் அச்சு, காவிரி படுகையின் வண்டல் மண்ணால் ஆனது. கூடத்தில் இருக்கும் வீணைக்குப் பலாமரம் வேண்டும். பழைய ஓவியங்களின் பலகையும் பெரும்பாலும் பலாதான். அந்த மரம் கொல்லையிலேயே நிற்கும். அதனால்தான் தோட்டத்தையும் சேர்த்துக் கேட்கிறேன். கிணற்றடி, பவழமல்லி, வாய்க்கால் படித்துறை எல்லாம் அந்த வீட்டுக் கலையில் சேர்ந்தவை.

சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டில் இருக்கும் தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில் ஒரு செட்டிநாட்டு வீட்டைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி கட்டியிருக்கிறார்கள். அருமையான வேலை, அவசியம் பாருங்கள். நம் வீடுகளுக்கோ அந்தச் சிரமம் தேவையில்லை, அவை சொந்த மண்ணிலேயே நிற்கின்றன. தரங்கம்பாடியில் 2004 சுனாமிக்குப் பிறகு பாரம்பரியச் சின்னங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பு பழைய வீடுகள் சிலவற்றைப் பழுதுபார்த்து நிறுத்தியது. ஆக, முடியாத காரியம் இல்லை.

எல்லா வீட்டையும் கேட்கவில்லை. ஒரு வட்டாரத்துக்கு ஒரு வீடு போதும். பங்காளிகள் கூடிப் பேசி, ரேழி, கூடம், முற்றம், கொல்லை கலையாமல், அறக்கட்டளையாகப் பதிவு செய்து, ஞாயிற்றுக்கிழமையாவது திறந்து வையுங்கள். மற்ற வீடுகளில் விற்கப்போகிற கொலுப்பொம்மையும் வெற்றிலைப் பெட்டியும் அங்கே வரட்டும். பித்தளை வேலை செய்யும் நம் ஊர்க் கன்னாரும் தச்சரும் வந்து பார்த்து, தங்கள் தாத்தாவின் கைவேலையைப் படித்துக்கொள்ளட்டும்.

அதுவும் ஆகாதென்றால், வியாபாரியைக் கூப்பிடுவதற்கு முன் ஒவ்வொரு சாமானையும் அது இருக்கும் இடத்திலேயே படம் எடுங்கள். எங்கே செய்தது, யார் கல்யாணத்துக்கு வந்தது என்று பெரியம்மாவிடமோ அத்தையிடமோ கேட்டு எழுதி வையுங்கள். அவர்கள் இருக்கும்போதே செய்யுங்கள்.

அன்புடன்,
தஞ்சைக்காரன் ஒருவன்