புதைத்துவிட்டுப் போன ஆணிகள்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. இரும்புக்கடையை மகனிடம் ஒப்படைத்த பிறகும் தினமும் கல்லாவில் போய் உட்கார்ந்துகொள்கிறாய் என்று படித்துச் சிரித்தேன். நான் இங்கே ஸ்காட்லாந்தில், டே ஆற்றை ஒட்டிய மேட்டு நிலத்தில், இன்ச்டூத்தில் என்ற ரோமானியப் பாசறை இருந்த இடத்துக்குப் போய் வந்தேன். அதைப் பற்றி உனக்கு எழுதாமல் வேறு யாருக்கு எழுதுவது?

பார்த்தேன் என்று சொல்வதுகூடச் சற்று மிகைதான். புல்வெளியில் ஓரிடத்தில் நிலம் இலேசாகத் தாழ்ந்து மீண்டும் எழுகிறது, அதுதான் அகழி. வெயில் சாய்ந்து விழும்போது மட்டும் அதன் நிழல் கோடாகத் தெரிகிறது. ஏறத்தாழ ஐயாயிரம் வீரர்களுக்காக 53 ஏக்கரில் அமைந்த தளம் இது. கி.பி. 83 வாக்கில் மரத்தால் கட்டத் தொடங்கியவர்கள், தளபதிக்கு வீடு எழும்பும் முன்பே, 87 வாக்கில் கிளம்பிவிட்டார்கள். டானூப் ஆற்றங்கரையில் டாசியர் என்ற மக்களோடு மூண்ட போருக்காகப் பிரிட்டனிலிருந்து ஒரு படையணியைத் திருப்பி அழைத்ததால், இவ்வளவு வடக்கே காவல் காக்க ஆள் போதவில்லை.

ஆனால் போட்டது போட்டபடி ஓடவில்லை. மரச்சட்டங்களைப் பிரித்தார்கள், மதிலின் முகப்புக் கற்களைப் பெயர்த்தார்கள், மண்பாண்டங்களையும் கண்ணாடிக் கலங்களையும் நொறுக்கி வடிகாலில் கொட்டினார்கள். கட்டியதைவிடக் கவனமாகக் கலைத்திருக்கிறார்கள் என்றே எனக்குப் படுகிறது. 1952 முதல் 1965 வரை இங்கே அகழாய்வு செய்த இயன் ரிச்மண்ட், பட்டறை இருந்த இடத்தில் ஒரு குழியைக் கண்டார். மேலே ஆறடி மண். அடியில் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆணிகள், பல டன் இரும்பு! இரண்டு அங்குல ஆணி முதல் உத்தரத்தில் அறையும் பதினாறு அங்குல ஆணி வரை எல்லா அளவும் இருந்தன. வெளிப்புறத்து ஆணிகள் துருவேறி ஓடுபோல இறுகிக் காற்றையும் நீரையும் தடுத்துவிட்டதால், நடுவில் இருந்தவை கெடவில்லை. அணுக்கழிவைப் புதைக்கும் கலங்கள் எவ்வளவு காலம் தாங்கும் என்று கணிக்க, பிற்காலத்தில் இவற்றின் துருவை ஆராய்ந்தார்கள். உன் கடை ஆணி ஒரு மழைக்காலம் தாங்குமா?

எடின்பரோ அருங்காட்சியகத்தில் சிலவற்றைப் பார்க்கலாம். சதுரத் தண்டு, கூம்புத் தலை, எல்லாம் கையால் அடித்தவை. உள்ளூர்க் குடிகளின் கையில் சிக்கினால் ஆயுதமாகிவிடும் என்பதால் புதைத்தார்கள் என்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனாலும், மதிலையே பிரித்தவர்கள் இத்தனை டன் இரும்பை ஏன் வண்டியில் ஏற்றவில்லை? வண்டிக்கூலி கட்டாது என்றால் ஒரு வியாபாரி என்ன செய்வான் என்பது உனக்குத்தான் தெரியும். அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
உன் பழைய நண்பன்