கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாத படம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நலிவுற்ற கலைஞர்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவரும் கட்டுரைகளைத் தவறாமல் படித்துவருகிறேன். மருத்துவமனைக் கட்டிலும் மருந்துச் செலவும் அவற்றில் இடம்பெறும் அளவுக்கு அந்தக் கலைஞர் செய்த வேலை இடம்பெறுவதில்லை என்பதே என் குறை. வேறு விதமாகவும் செய்யலாம் என்பதற்குச் சத்யஜித் ராய் 1972-இல் எடுத்த ‘தி இன்னர் ஐ’ என்ற ஆவணப்படம் சான்று.

ஏறத்தாழ இருபது நிமிடமே ஓடும் அப்படம், சாந்திநிகேதனில் ராய்க்கு ஆசிரியராக இருந்த ஓவியர் பினோத் பிஹாரி முகர்ஜியைப் பற்றியது. பிறவியிலேயே ஒரு கண் பார்வையற்று, மறு கண்ணில் கடும் கிட்டப்பார்வையோடு வளர்ந்த அவர், 1947-இல் அங்குள்ள இந்தி பவனச் சுவர்களில் இடைக்கால அடியார்களின் வாழ்வை, முன்கூட்டிச் சுவரில் படி எடுத்துக்கொள்ளாமல், ஈரப்பூச்சின் மேல் நேரடியாகத் தீட்டி முடித்தார். கண் தெரியாத கவி என்று சொல்லப்படும் சூர்தாசும் அந்தச் சுவரில் இருக்கிறார். அதன்பின் பத்தாண்டுகளுக்குள், கண்புரை அறுவை சிகிச்சை பலனளிக்காமல் பினோத் பிஹாரி எஞ்சிய பார்வையையும் இழந்தார்.

இந்த இடத்தில் அழுகைக்கு வாய்ப்பிருந்தும் ராய் அதைப் பயன்படுத்திக்கொள்ளவில்லை. கறுப்புக் கண்ணாடி அணிந்த முதியவரின் விரல்களைத்தான் நமக்குக் காட்டுகிறார். காகிதத்தை மடித்தும் வெட்டியும் அவர் உருவாக்கிய வடிவங்கள், சாந்திநிகேதனின் கலைப்பள்ளியான கலா பவனத்தின் சுவரில் ஓடுகளாக ஏறுகின்றன. நிகில் பானர்ஜியின் சிதாரில் ஆசாவரி ராகம் ஒலிக்கப் படம் முடிகிறது. எந்த மருத்துவரும் வந்து விளக்கம் சொல்வதில்லை.

என் தந்தையார் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதியவர். சர்க்கரை நோயால் பார்வை இழந்தார். அவரைப் படமெடுக்க வந்த உள்ளூர்த் தொலைக்காட்சிக் குழுவினர் முதலில் கேட்டது, கண்ணாடியைக் கழற்ற முடியுமா என்பதுதான். அவர் மறுத்துவிட்டார். அவர் தம் மாலைகளைக் கழித்த விதத்தை அவர்கள் கேட்கவே இல்லை. கோரைப்பாயில் அமர்ந்து, தரையில் விரலால் ‘ழ’ எழுதிக்கொண்டிருப்பார். கீழ்ச்சுழி சரியாக இறங்கவில்லை என்று தாமே முணுமுணுத்துக்கொண்டு மறுபடியும் எழுதுவார். அதை ஒரு நிமிடம் படம்பிடித்திருந்தால் போதும்; அவர் யார் என்பது விளங்கியிருக்கும்.

பொருளுதவி தேவைப்படும் கலைஞர்களின் நிலையை எழுதவே கூடாது என்று நான் சொல்லவில்லை. உதவித்தொகைக்கான முறையீட்டில் நோயைச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆயினும் அதற்கு ஒரு பத்தி போதாதா? அடுத்த கட்டுரையில், அந்தக் கலைஞர் இப்போது எந்த வேலையை எந்த நேரத்தில் எப்படிச் செய்கிறார் என்பதையும் கேட்டு எழுதுமாறு தங்கள் செய்தியாளர்களைப் பணிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருச்சிராப்பள்ளி